ஏழு நாள் வீடு

பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமத்தின் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், இஸ்ரயேல் மக்கள் ஆண்டுதோறும் கொண்டாட வேண்டிய விழாக்களின் வரிசை ஒன்று இருக்கிறது. அவற்றுள் ஒன்று கூடாரத் திருவிழா. ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள், அதாவது முழுநிலா நாளில் தொடங்கி, ஏழு நாள்கள் அவர்கள் தங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து தழைக் குடிலில் வாழ வேண்டும். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் பாலைநிலத்தில் குடில்களில் தங்கியதை நினைவுகூர்வதற்காக இது விதிக்கப்பட்டது. களத்து விளைச்சலும் திராட்சையும் வீடு வந்து சேரும் காலமும் அதுவே. ஆகையால் இது அறுவடை விழாவும் ஆகும். நம் நாட்டுக் கணக்கில் புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும்.

நம் ஆண்டவர் இயேசுவும் இவ்விழாவுக்கு எருசலேம் சென்றதை யோவான் நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உருமாற்ற மலையில் பேதுரு மூன்று கூடாரங்கள் அமைக்கட்டுமா என்று கேட்டாரே, அவர் மனத்தில் இருந்ததும் இத்தகைய குடில்தான் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர்.

தமிழில் 'கூடாரம்' என்று படித்ததும், படைவீரர் தங்கும் துணிக் கூடாரமே எங்கள் கண் முன் வந்தது. எபிரேய மொழியில் இதன் பெயர் 'சுக்கா'. பன்மையில் 'சுக்கோத்'. இதன் தன்மையைப் பார்த்தால் நம் ஊர்ப் பந்தலுக்கும், ஏனாத்தூர்ப் பக்கத்து வயல்களில் கதிர் முற்றும்போது போடும் காவல் குடிசைக்கும் இது நெருங்கிய உறவு. எசாயா ஆகமத்தின் முதல் அதிகாரத்திலேயே வெள்ளரித் தோட்டத்துக் காவல் குடில் ஒன்று வருகிறது. அறுவடைக் காலத்தில் தோட்டத்திலேயே தங்கிய உழவரின் குடில்தான் பிற்காலத்தில் விழாவின் சின்னமாயிற்று என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவது, நெல் வயலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு எளிதில் புரிந்தது.

இவ்வாண்டு மறைக்கல்விக் கண்காட்சிக்கு, விவிலிய விழாக்களில் ஒன்றைப் படித்து அதற்கு ஒரு பொருள் செய்துகாட்டும்படி எங்கள் அருட்சகோதரி பணித்தார்கள். நாங்கள் கூடாரத் திருவிழாவை எடுத்துக்கொண்டோம். யூதர்களின் விழாவை நடித்துக் காட்டுவது எங்கள் நோக்கம் அன்று. அது அவர்களுக்கு உரியது. குடிலை எப்படிக் கட்டுகிறார்கள், ஒவ்வோர் ஆண்டும் மறுபடி பயன்படும்படியும் எளிதில் பூட்டும்படியும் அதை அமைக்க முடியுமா என்பதைக் கற்பதே எங்கள் வேலையாயிற்று.

எளிதில் பூட்டுவது ஏன் அத்தனை முக்கியம்? பந்தல்காரர் நான்கு பேரை அழைத்தால் அரை நாளில் போட்டு விடுவார்களே என்று எங்கள் வீடுகளிலும் கேட்டார்கள். 2019-ல் அத்தி வரதர் தரிசனம் நடந்த 48 நாள்களும் நம் காஞ்சி நகரமே பந்தலுக்குள் இருந்ததைக் கண்டவர்கள் அல்லவா! இக்கேள்விக்கு விடை கொச்சியில் இருக்கிறது.

நமக்கு அண்டை மாநிலமான கேரளத்தில் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி நிற்கும் பரதேசி யூத ஜெபக்கூடம் 1568-ல் கட்டப்பட்டது. பரவூர், சேந்தமங்கலம் முதலிய ஊர்களிலும் ஜெபக்கூடங்கள் உண்டு. (சென்னையிலும் ஒரு காலத்தில் வைரமும் பவழமும் விற்ற யூத வணிகர் இருந்தனர். 1688-ல் சென்னை நகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மென்களாக அமர்ந்தவர்களில் யூதரும் உண்டு. பவழக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது.) 1948-ல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு, 1950-களில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். நெகேவ் பாலைவனத்திலுள்ள நெவாத்திம் என்னும் கிராமம் அவர்கள் குடியேறிய இடங்களில் ஒன்று. கொச்சியில் எஞ்சியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, இன்று விரல்விட்டு எண்ணும் நிலையில் இருக்கின்றனர்.

யூத வழக்கப்படி ஜெபக்கூடத்தில் முழு வழிபாடு நடக்கக் குறைந்தது பத்து ஆண்கள் கூட வேண்டும். ஊரில் பத்துப் பேர் இல்லாவிட்டால், வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. ஆனால் சுக்காவுக்கு இந்த எண்ணிக்கை இல்லை! தனியாக வாழும் ஒரு முதியவரும் தம் முற்றத்தில் குடில் கட்டி, அதில் அமர்ந்து உண்ணலாம். அப்படியானால், சமூகம் சுருங்கிப்போன ஊரிலும் கடைசி வரை கொண்டாடக்கூடிய விழாக்களில் இதுவும் ஒன்று. தடையாக நிற்பது ஒன்றுதான்: கனமான கம்பங்களை யார் தூக்குவது? ஏணியில் யார் ஏறுவது? கொச்சியில் மட்டுமல்ல, பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட எந்த வீட்டிலும் இதே கேள்விதான். இதைப் படித்த அன்றே எங்கள் குடிலுக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டோம். முதியவர் இருவரும் ஒரு சிறுமியும் சேர்ந்து, ஏணியில் ஏறாமல், ஆணி அடிக்காமல், ஒரு மாலைக்குள் கட்ட வேண்டும்.

அடுத்து விதிகளைப் பார்த்தோம். யூதச் சட்டங்களின் தொகுப்பாகிய மிஷ்னா சுமார் கி.பி. 200-ல் உருவானது. அதில் சுக்காவுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வியப்பு என்னவென்றால், சுவரைப் பற்றி அது மிகவும் தாராளமாக இருக்கிறது. கூரையைப் பற்றி மிகவும் கண்டிப்பாக இருக்கிறது. சுவர் மரம், துணி, கல் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு சிறு பகுதியும் இருந்தாலும் போதும். சாதாரணக் காற்றுக்கு அது நிற்க வேண்டும். உயரம் பத்துக் கையகலத்துக்குக் குறையக் கூடாது. இருபது முழத்தைத் தாண்டக் கூடாது. நம் பாட்டிமார் பூ அளக்கும் அதே முழக்கணக்கு எருசலேமிலும் இருந்தது என்பது எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது.

கூரைக்கு வந்தால், அது மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். ஆனால் மண்ணோடு பற்றியிருக்கக் கூடாது, வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே நம் வீட்டு அவரைப் பந்தலும் முல்லைப் பந்தலும் எவ்வளவு நிழல் தந்தாலும் சுக்கா ஆகமாட்டா. மரத்தடியிலும் மாடிக் கூரைக்குக் கீழும் கட்டக் கூடாது, மேலே வானம் இருக்க வேண்டும். வேறு பயனுக்கென்று செய்த பொருளும் கூரைக்கு ஆகாது. படுப்பதற்காக நெய்த கோரைப்பாய் ஆகாது; வேய்வதற்கென்றே பின்னிய பாய் ஆகும். இந்த இடத்தைப் படித்தபோது எங்களில் ஒருத்தி, "அப்படியானால் நம் கீற்று இதற்கென்றே பிறந்தது" என்றாள். உண்மைதான். தென்னை மட்டையை நடுவே இரண்டாகக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, முடைந்து எடுக்கும் கீற்றில் யாரும் படுப்பதில்லை. அது வேய்வதற்கு மட்டுமே. கொச்சி யூதரும் தென்னை ஓலையைத்தான் கூரைக்குப் போட்டனர். இஸ்ரேலில் பேரீச்சை ஓலை அந்த வேலையைச் செய்கிறது.

கூரையின் கீழே வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும். அதே சமயம் இரவில் நட்சத்திரம் தெரியும்படி வேய்வது வழக்கம். மழைத்துளியே இறங்காதபடி அடர்த்தியாக வேய்வதை அறிஞர் பலர் ஏற்பதில்லை, அப்படிச் செய்தால் அது வீடாகிவிடுமாம்.

இனி எங்கள் முக்கியக் கேள்வி. தற்காலிகமாக இருக்க வேண்டிய குடிலை ஆண்டுதோறும் மறுபடி பயன்படுத்தலாமா? அப்படிச் செய்தால் விழாவின் கருத்தே போய்விடாதா? எங்கள் குழுவில் இரண்டு நாள் வாதம் நடந்தது. விடை அந்த விதிகளிலேயே இருந்தது. விழாவுக்கு முப்பது நாளுக்கு முன்பே கட்டிய குடிலாயின், விழாவை எண்ணி அதில் ஏதேனும் சிறிது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். பழையதே கூடாது என்று சொல்லவில்லை. சட்டமும் சுவரும் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். கூரை மட்டும் அந்தந்த ஆண்டின் விளைச்சலிலிருந்து வரட்டும். இவ்வாறு பிரித்துக்கொண்டால் இரண்டு வேண்டுதலும் நிறைவேறுகின்றன. செலவும் உழைப்பும் சட்டத்தில் ஒரு முறை, பசுமை ஆண்டுதோறும்.

இப்படிச் செய்தவர் முன்பும் உண்டு. எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், தென் ஜெர்மனியின் ஃபிஷாக் என்னும் ஊரிலிருந்து வந்த 19-ஆம் நூற்றாண்டுக் குடில் ஒன்று இருக்கிறது. படம் தீட்டிய மரப்பலகைகளால் ஆனது. விழா முடிந்ததும் பலகை பலகையாகப் பிரித்து வைத்துவிடலாம். ஹிட்லர் ஆட்சியின் கொடுமை வளர்ந்த 1930-களில் அது எருசலேமுக்கு அனுப்பப்பட்டது. பிரிக்க முடியாத குடிலாக இருந்திருந்தால் தப்பியிராது. நம் காலத்தில், 2010 செப்டம்பரில் நியூயார்க் நகரின் யூனியன் சதுக்கத்தில் 'சுக்கா நகரம்' என்ற போட்டி நடந்தது. உலகெங்கிலுமிருந்து 600-க்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. பன்னிரண்டைத் தேர்ந்து கட்டிக் காட்டினார்கள். படங்களைப் பார்த்தோம். மிக அழகு. ஆனால் அவற்றில் பலவற்றை எங்கள் பாட்டியாலோ தாத்தாவாலோ கட்ட முடியாது!

எங்கள் குடிலுக்கு வருவோம். கடைகளில் இரும்புக் குழாய்ச் சட்டம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் கூரைத்தழை உலோகத்தின் மேல் நேரே அமர்வதைப் பலர் தவிர்ப்பதால் மூங்கிலையே எடுத்தோம். அது எடையும் குறைவு. மூன்று சுவருக்கு மூன்று சட்டம். ஒவ்வொன்றும் எட்டு அடி நீளம், ஆறு அடி உயரம். நான்கு மூங்கிலைச் சதுரமாகக் கட்டினால் அது சாய்ந்து இணைகரம் போல் ஆகிவிடும். முக்கோணம் மட்டுமே வடிவம் மாறாது. ஆகவே மூலைக்கு மூலை ஒரு குறுக்கு மூங்கில். இதன் நீளம் என்ன? ஆறின் வர்க்கம் 36, எட்டின் வர்க்கம் 64, கூட்டினால் 100. பித்தாகரஸ் பெரியவர் கையில் கொடுத்தாற்போல் சரியாகப் பத்து அடி! குறுக்கு மூங்கில் பத்து அடிக்குச் சரியாகப் பொருந்தினால் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன என்று அதுவே சாட்சி சொல்லும். மூலைமட்டம் தேவையில்லை.

உயரத்தை ஆறு அடியில் நிறுத்தியதற்குக் காரணம், முக்காலி மேல் ஏறினாலே கூரைக்குக் கை எட்டும் என்பது. உயரமான மாமாக்கள் சற்றுக் குனிந்து நுழையட்டும். மூன்று சட்டத்தையும் 'ப' வடிவில் நிறுத்தி, திறந்த பக்கத்தில் மேலே ஒரு மூங்கிலைக் கட்டினால் சட்டம் முடிந்தது. விரித்து வைத்த புத்தகம் தானே நிற்பது போல, முதல் இரண்டு சட்டங்களை மூலையில் கட்டியவுடனே அவை நின்றுவிடும். அதனால் மூன்றாவதைத் தூக்கி வரும்போது முதலிரண்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம். கூரைக்கு ஒன்பது அடியில் ஐந்து மூங்கில். சட்டத்துக்கு ஆறு அடியில் ஆறு, எட்டு அடியில் ஆறு, பத்து அடியில் மூன்று, முன்பக்கத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் இருபத்தொரு மூங்கில்.

முதலில் இதையே கால் அளவில், இரண்டு அடிக்கு ஒன்றரை அடிச் சட்டமாகக் குச்சியில் செய்து பார்த்தோம். சுவருக்குப் பழைய வேட்டித் துணி. மேசை விசிறியைப் போட்டதும் துணி பாய்மரம் போல் உப்பியது. காற்றில் இப்படி ஆடும் சுவர் சுவரே அன்று என்பது விதி. இதற்கும் அவர்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மூன்று கையகலத்துக்குக் குறைந்த இடைவெளியை இடைவெளியாகவே கணக்கிடுவதில்லை. ஆகையால் அந்த நெருக்கத்தில் கயிறுகளைக் குறுக்கே இழுத்துக் கட்டினால், பத்துக் கையகல உயரம் வரை அதுவே சுவராகக் கொள்ளப்படும். துணிச் சுவருக்குள் இவ்வாறு கயிறு கட்டுவது பல வீடுகளில் வழக்கம். தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஐந்து கயிறு கட்டினால் நாற்பது அங்குலம் வரும். அது போதும்.

கயிறு தளராமல் இருக்க வேண்டுமே! இங்கேதான் நம் ஊர் உதவிக்கு வந்தது. எங்களில் பலர் நெசவாளர் வீட்டுப் பெண்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டும்போது, ஓர் இழை தளர்ந்தாலும் தறியில் என்ன ஆகும் என்று அப்பா திட்டுவதைக் கேட்டே வளர்ந்தோம். இரட்டைக் கயிற்றின் நடுவே ஒரு குச்சியைச் செருகி நாலு முறுக்கு முறுக்கி, குச்சியின் நுனியை மூங்கிலில் கட்டிவிட்டால் கயிறு வீணைத் தந்தி போல் நிற்கிறது. மறுபடி விசிறியைப் போட்டுப் பார்த்தோம். துணி கயிற்றில் படிந்து நின்றது. தளர்ந்தால் இன்னொரு முறுக்கு. வலிமை வேண்டாம், பொறுமை போதும்.

அடுத்தது தரை. இப்போது முற்றமெல்லாம் சிமெண்டு, குழி தோண்ட முடியாது. பந்தல்காரர் மணல் நிரப்பிய தகர டின்னில் கம்பத்தை நிறுத்துவார்கள். மணல் டின்னை முதியவர் நகர்த்த இயலுமா? அதற்குப் பதிலாகத் தண்ணீர்க் கேனைப் பயன்படுத்தினோம். வெறும் கேனை மூலையில் வைத்து மூங்கில் காலோடு கட்டிவிட்டு, பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினால், இருபது லிட்டருக்கு இருபது கிலோ எடை தானே வந்துவிடுகிறது. யாரும் தூக்கவே இல்லை. விழா முடிந்ததும் அந்தத் தண்ணீர் செடிக்கு.

கீற்றை எவ்வளவு நெருக்கமாகப் போடுவது என்பதையும் சோதித்தோம். வீட்டுக் கூரைக்குப் போல ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், ஒரே வரிசையாகச் சிறு இடைவெளி விட்டுப் பரப்பினோம். நண்பகலில் குடிலின் தரையில் வரைபடத் தாளை விரித்து, வெயில் விழுந்த கட்டங்களை எண்ணினோம். பாதிக்கு வெகுவாகக் குறைவாகவே இருந்தது. இரண்டு கீற்றை எடுத்துவிட்டு எண்ணினோம், அப்போதும் நிழலே வென்றது. காஞ்சிபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருப்பதால், விழாக் காலத்து நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு மேல் இருக்கும். எருசலேம் சுமார் 32 பாகையில் இருக்கிறது. அங்கே வெயில் சாய்வாக வரும். இங்கே கட்டம் எண்ணுவது எங்களுக்குச் சுலபமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

மழைக்கு மட்டும் முழு விடை கிடையாது. 2024-ல் கூடாரத் திருவிழா அக்டோபர் 16 மாலை தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை அதற்கு முந்தின நாள்தான் தமிழகத்தில் தொடங்கியிருந்தது! நட்சத்திரம் தெரியும் கூரையில் மழையும் தெரியும். மிஷ்னா இதையும் விட்டுவைக்கவில்லை. கிண்ணத்திலுள்ள கூழ் கெட்டுப் போகும் அளவுக்கு மழை இறங்கினால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்கிறது. பாவுக்கு மழை வந்தால் நம் தெருவே எழுந்து ஓடுவது போல. உள்ளே யாரும் இல்லாத நேரத்தில் கூரை மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு வைத்து, அமரும்போது உருவி எடுத்துவிடுவது இன்று பலர் செய்யும் வழி. விரிப்பின் ஒரு விளிம்பில் மூங்கிலைக் கோத்துக் கீழிருந்தே சுருட்டும்படி நாங்கள் அமைத்தோம்.

கண்காட்சியன்று முழு அளவுக் குடிலைப் பள்ளி முற்றத்தில் நிறுத்தினோம். சட்டங்களை முன்பே கட்டி வைத்திருந்ததால், அன்று செய்ய வேண்டியது மூலைக் கட்டு, தண்ணீர், கயிறு, துணி, கூரை மட்டுமே. முதலில் சுவர், பிறகே கூரை. இந்த வரிசை மாறக் கூடாது. எங்கள் அளவுகோலைச் சோதிக்க, ஒரு தோழியின் பாட்டியும் தாத்தாவும் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியும் முன்வந்தார்கள். நாங்கள் கை கட்டி நின்றோம். (எளிதான காரியம் அன்று, ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் தோன்றியது.) ஒரு மணி நேரம் கழிந்து சிறிது ஆனதும் தாத்தா உள்ளே போய்ப் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். பாட்டி, கயிற்றை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கலாம் என்றார்கள்.

பிரிப்பதற்கு அதில் பாதி நேரமே ஆயிற்று. எல்லா மூலைகளிலும் ஒரு நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சே போட்டிருக்கிறோம். சட்டங்களின் கால்களில் 1, 2, 3 என்று பெயிண்டால் எழுதியிருக்கிறோம். ஒரே எண்ணுள்ள கால்கள் ஒரே மூலையில் சேர வேண்டும். கயிறும் முறுக்குக் குச்சிகளும் துணிப் பையில் இருக்கின்றன. சட்டங்கள் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் பரணில் படுத்திருக்கின்றன. கரையானுக்கு அஞ்சித் தரையில் வைக்கவில்லை. கூரைக் கீற்று பள்ளித் தோட்டத்து நாற்றுகளுக்கு நிழலாகிவிட்டது. அடுத்த ஆண்டு கட்டப்போகும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள், சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள தென்னையிலிருந்து புது மட்டை எடுத்து, இரண்டு நாள் முன்பே ஊறப்போட வேண்டும்.